வெள்ளிக்கிழமை ஒட்டப்படும் தாள்: நிகழ்ச்சி நிரலும் உறுப்பினர்களின் பேச்சும்

கலிஃபோர்னியாவில் ஒரு நகரத்தின் நெறிமுறை ஆணையத்தில் உங்களை உறுப்பினராக நியமித்திருக்கிறார்கள். உறுதிமொழி எடுத்தாயிற்று. சொத்து, வருமான விவரம் கேட்கும் படிவம் 700-ஐ நிரப்பிக் கொடுத்தாயிற்று. திங்கட்கிழமை மாலை முதல் கூட்டம். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை ஆணையச் செயலரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வரும். அதில் இரண்டு பக்க நிகழ்ச்சி நிரல் இருக்கும், பின்னாலேயே கட்டுக்கட்டாக இணைப்புகள். புதிதாக வருகிறவர்கள் இணைப்புகளை விழுந்து விழுந்து படிப்பார்கள், நிரலை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நானும் முதல் ஆறு மாதம் அப்படித்தான் இருந்தேன். அந்த இரண்டு பக்கத்தில் எது வந்திருக்கிறது, போன மாதம் பேச்சில் அடிபட்ட எது வராமல் போயிருக்கிறது என்று பார்க்கத் தெரிந்த பிறகுதான் உறுப்பினர் வேலை எனக்குப் பிடிபட்டது.

மற்ற நகர வாரியங்களுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு. நூலக வாரியம் நூலகத்தைப் பார்த்துக்கொள்கிறது, பூங்கா வாரியம் பூங்காவைப் பார்த்துக்கொள்கிறது. நெறிமுறை ஆணையமோ, தன்னை நியமித்தவர்களையே கண்காணிக்க வேண்டியிருக்கிறது. சான் ஃபிரான்சிஸ்கோவில் வாக்காளர்கள் 1993-இல் உருவாக்கிய ஆணையத்தில் ஐந்து பேர். மேயர், மேற்பார்வையாளர் மன்றம், நகர வழக்கறிஞர், மாவட்ட அரசு வழக்கறிஞர், சொத்து மதிப்பீட்டாளர் ஆகியோர் ஆளுக்கு ஒருவரை நியமிக்கிறார்கள். ஓக்லாந்தில் ஏழு பேர். மூவரை மேயரும் நகர வழக்கறிஞரும் நகரத் தணிக்கையாளரும் நியமிக்க, மீதி நால்வரை ஆணையமே தேர்ந்தெடுத்துக்கொள்கிறது. ஏற்பாடு எப்படி இருந்தாலும், உங்களை நியமித்தவரின் தேர்தல் நிதிக் கணக்கு நாளைக்கு உங்கள் மேசைக்கே வரலாம். ஆணையத்துக்கு எத்தனை ஊழியர்கள், எவ்வளவு பணம் என்பதையும் பெரும்பாலும் அதே நகர மன்றம்தான் தீர்மானிக்கிறது.

இப்படிப்பட்ட இடத்தில் "இதை விசாரிக்காதே" என்று யாரும் நேராகச் சொல்வதில்லை. அந்தப் பொருள் நிரலில் ஏறாது, அவ்வளவுதான். "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்பார்கள். அடுத்த மாதம் "ஊழியர்கள் இன்னும் அறிக்கை தயாரிக்கவில்லை" என்பார்கள். ஏறாத பொருளைக் கூட்டத்தில் நீங்கள் பேசவும் முடியாது, சட்டம் தடுக்கிறது. நிரலை யார் எழுதுகிறார்கள், அதில் எப்படி ஒரு பொருளை ஏற்றுவது என்று தெரியாத உறுப்பினர் நாற்காலியை நிரப்பத்தான் உதவுவார்.

எழுபத்திரண்டு மணி நேரம்

அந்தச் சட்டத்தின் பெயர் பிரவுன் சட்டம். 1952-இல் சான் ஃபிரான்சிஸ்கோ கிரானிகிள் நாளிதழின் நிருபர் மைக்கேல் ஹாரிஸ், உள்ளாட்சி அமைப்புகள் எப்படிக் கதவை மூடிக்கொண்டு முடிவெடுக்கின்றன என்று பத்துப் பகுதிகளாக ஒரு தொடர் எழுதினார். மொடெஸ்டோவைச் சேர்ந்த சட்டமன்ற உறுப்பினர் ரால்ஃப் பிரவுன் அதைக் கையிலெடுத்தார். 1953-இல் சட்டம் நிறைவேறியது. இன்றும் மாநிலத்தின் ஒவ்வொரு நகர மன்றமும் பள்ளி வாரியமும் நகர ஆணையமும் இதற்குக் கட்டுப்பட்டவைதான்.

வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரத்துக்கு முன்னால் நிகழ்ச்சி நிரலைப் பொது இடத்தில் ஒட்ட வேண்டும், நகரின் இணையதளத்திலும் போட வேண்டும். சிறப்புக் கூட்டமாக இருந்தால் 24 மணி நேரம் போதும். திங்கள் மாலை 7 மணிக்குக் கூட்டம் என்றால் வெள்ளி மாலை 7 மணிக்குள் தாள் ஏறியிருக்க வேண்டும். வார விடுமுறையும் கணக்கில் சேரும். எங்கள் செயலர் கூட்டத்துக்கு முந்தைய வெள்ளியன்று நாலரை மணிக்கே நகரமன்றக் கட்டடத்தின் வெளிச்சுவரில் இருக்கும் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து தாளைப் பின் குத்திவிட்டு, கைபேசியில் படமும் எடுத்துக்கொள்வார். ஏன் உள்ளே வரவேற்பறையில் ஒட்டக்கூடாது என்று ஒருநாள் கேட்டேன். "ஐந்து மணிக்குக் கதவைப் பூட்டிவிடுவார்களே, அப்புறம் யார் படிப்பது?" என்றார். அந்த எழுபத்திரண்டு மணி நேரமும் யார் வேண்டுமானாலும் வந்து படிக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்பதுதான் விதி. தெருவில் நாயோடு நடந்து போகிறவர் ஞாயிறு இரவில் நின்று படித்தாலும் அவருக்கு அது தெரிய வேண்டும்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சுருக்கமான விவரம் வேண்டும். பொதுவாக இருபது சொற்களுக்கு மேல் தேவையில்லை என்று சட்டமே சொல்கிறது. இந்த இருபது சொற்களில்தான் பல ஆணையங்கள் வழுக்குகின்றன. "நெறிமுறை விதிகள் குறித்த விவாதம்" என்று எழுதினால் அது விவரமே இல்லை. அதைப் படித்துவிட்டு யாரும் வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டார்கள். "நகர ஒப்பந்தக்காரர்கள் அதிகாரிகளுக்குத் தரும் பரிசுகளுக்கு வரம்பு: விதித் திருத்தம் குறித்து விவாதமும் வாக்கெடுப்பும்" என்று எழுதுங்கள். ஒப்பந்தக்காரரும் வருவார், அவரோடு போட்டியிட்டுத் தோற்றவரும் வருவார். வாக்கெடுப்பு உண்டா, தகவல் மட்டுமா என்பதையும் விவரத்திலேயே சொல்லிவிட வேண்டும். வரைவு நிரல் உங்கள் கைக்கு வந்தால், இதைப் படிக்கிற ஒருவர் தனக்கு இதில் சம்பந்தம் உண்டா இல்லையா என்று முடிவு செய்ய முடியுமா என்று மட்டும் சோதித்துப் பாருங்கள். முடியாது என்றால் திருத்தச் சொல்லுங்கள்.

நிரலில் இல்லாத ஒன்றைப் பொதுமக்களில் ஒருவர் எழுந்து பேசினால் என்ன செய்வது? அவர் பேசலாம், அது அவர் உரிமை. நீங்கள் சுருக்கமாகப் பதில் சொல்லலாம், புரியாததைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளலாம், ஊழியர்களிடம் ஒப்படைக்கலாம், அடுத்த நிரலில் சேர்க்கச் சொல்லலாம். அதற்கு மேல் விவாதத்தில் இறங்கக்கூடாது. நிரல் ஒட்டிய பிறகு தெரியவந்த, உடனடியாக முடிவெடுத்தே ஆக வேண்டிய விஷயத்தை மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு சேர்க்க வழி உண்டு. அந்த வழியை வருடத்துக்கு ஒருமுறைக்கு மேல் பயன்படுத்துகிற ஆணையத்தில் வேறெங்கோ கோளாறு இருக்கிறது.

யார் ஏற்றுவது

பெரும்பாலான இடங்களில் தலைவரும் நிர்வாக இயக்குநரும் உட்கார்ந்து நிரலைத் தயாரிக்கிறார்கள். அதில் தவறில்லை, யாராவது செய்துதானே ஆக வேண்டும். ஆனால் மற்ற உறுப்பினர் ஒரு பொருளை ஏற்ற வேண்டுமென்றால் என்ன வழி என்று ஆணையத்தின் துணைவிதிகளில் எழுதியிருக்க வேண்டும். எழுதியிருக்கிறதா என்று முதல் வாரமே பாருங்கள். இல்லாவிட்டால், அதை எழுதுவதே நீங்கள் கேட்கும் முதல் பொருளாக இருக்கட்டும்.

எனக்குச் சரியென்று படும் ஏற்பாட்டைச் சொல்கிறேன். ஒவ்வொரு நிரலின் கடைசியிலும் "உறுப்பினர்கள் கோரும் எதிர்காலப் பொருள்கள்" என்று ஒரு நிலையான வரி. அங்கே எந்த உறுப்பினரும் ஒரு பொருளைக் கோரலாம். ஒருவர் கேட்டாலே போதும் என்று வைத்தால் சிறுபான்மைக் குரல் தப்பிக்கும். இருவர் வேண்டும் என்று வைத்தால் நேரம் மிச்சமாகும். ஐந்து பேர் உள்ள ஆணையத்தில் மூவர் வேண்டும் என்று வைத்தால் அது பூட்டு, அதை ஒப்புக்கொள்ளாதீர்கள். கோரிய பொருள் எத்தனை கூட்டத்துக்குள் நிரலில் வந்தாக வேண்டும் என்றும் எழுதுங்கள். காலக்கெடு இல்லாத உரிமை "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்பதில் போய் முடியும். கோரிக்கையைக் கூட்டத்தில், ஒலிவாங்கியில் சொல்லுங்கள். கூட்டக் குறிப்பில் ஏறிய கோரிக்கையை யாராலும் மறக்க முடியாது.

நகர வழக்கறிஞர் நிரலைப் பார்த்துச் சட்டச் சிக்கல் இருந்தால் சொல்வது நல்லது. ஆனால் அவர் நகர மன்றத்துக்கும் ஆலோசகர், ஆணையத்துக்கும் ஆலோசகர். மன்ற உறுப்பினர் ஒருவர் மீதான புகாரை ஆணையம் எடுக்கும் நாளில் இந்த இரண்டு வேலையும் ஒரே ஆளிடம் இருக்கக்கூடாது. வெளியிலிருந்து தனி வழக்கறிஞரை அமர்த்துவதையும் அதற்கான பணத்தையும் சாதாரண நாளிலேயே ஒரு பொருளாகக் கொண்டுவந்து பேசி வைத்துக்கொள்ளுங்கள். பிரச்சினை வந்த பிறகு கேட்டால் அது ஒருவருக்கு எதிரான நடவடிக்கையாகத் தெரியும். பட்ஜெட்டும் அப்படித்தான். பெரும்பாலான கலிஃபோர்னிய நகரங்களில் நிதியாண்டு ஜூலை 1-இல் தொடங்குகிறது. ஆணையம் என்ன கேட்கப்போகிறது என்பது டிசம்பர் அல்லது ஜனவரி நிரலிலேயே வந்துவிட வேண்டும். ஏப்ரலில் பேசினால் கணக்கு முடிந்திருக்கும்.

வரிசையும் முக்கியம். மக்கள் வந்து காத்திருக்கும் பொருளை முன்னால் வையுங்கள். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு பத்தரை மணி வரை உட்கார யாராலும் முடியாது. விவாதமின்றி மொத்தமாக நிறைவேற்றும் பட்டியலில் போன கூட்டத்தின் குறிப்பு போன்றவை மட்டுமே இருக்கட்டும். அதில் ஏதாவது ஒரு பொருள் உறுத்தினால் "இதைத் தனியாக எடுக்க வேண்டும்" என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

உறுப்பினரோடு உறுப்பினர்

இங்கேதான் நல்லவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஐந்து பேரில் மூவர் சேர்ந்து ஆணையத்தின் அதிகாரத்துக்குள் வரும் ஒரு விஷயத்தைப் பேசினால் அது கூட்டம். காபிக் கடையில் பேசினாலும் கூட்டம்தான், வாட்ஸாப்பில் பேசினாலும் கூட்டம்தான். அறிவிப்பில்லாமல் நடந்ததால் சட்ட மீறல். மூவரும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. நீங்கள் ஒருவரிடம் பேசி, அவர் இன்னொருவரிடம் "அவர் இப்படிச் சொல்கிறார், எனக்கும் அது சரியென்று படுகிறது" என்று சொன்னால், மூவர் கணக்கு சேர்ந்துவிட்டது. நீங்கள் மூன்றாமவரோடு பேசவே இல்லை, அதனால் உங்களுக்கு இது தெரியக்கூட வராது. ஒரு முடிவுக்கு வந்தால்தான் மீறலா, வெறுமனே பேசினாலே மீறலா என்று ஒரு குழப்பம் இருந்தது. ஃப்ரீமாண்ட் நகரம் தொடர்பான 2006-ஆம் ஆண்டு மேல்முறையீட்டுத் தீர்ப்புக்குப் பிறகு, 2008-இல் சட்டமன்றம் சட்டத்தைத் திருத்தியது. பேசினாலே மீறல்தான், முடிவுக்கு வர வேண்டியதில்லை.

ஊழியர்கள் உங்களிடம் தனித்தனியாக வந்து ஒரு பொருளை விளக்கலாம். நீங்கள் கேள்வி கேட்கலாம். ஆனால் அவர்கள் ஒருவரின் கருத்தை இன்னொருவரிடம் கொண்டுபோகக்கூடாது. விளக்கம் முடிந்து எழும்போது "மற்றவர்கள் என்ன நினைக்கிறார்கள்?" என்று கேட்கத் தோன்றும். நாக்கைக் கடித்துக்கொள்ளுங்கள். ஆர்வத்தில் அவரே சொல்ல வந்தால், "அதைக் கூட்டத்திலேயே கேட்டுக்கொள்கிறேன்" என்று நிறுத்துங்கள்.

இருவர் மட்டும் உள்ள தற்காலிகக் குழு ஒரு குறிப்பிட்ட வேலைக்காக அமைக்கப்பட்டால் அது தனியே கூடிப் பேசலாம், அறிவிப்பு தேவையில்லை. நல்ல வசதி அது. ஆனால் அந்த இருவரில் ஒருவர் தலைவரிடம் "எங்கள் வரைவு இப்படிப் போகிறது" என்று நடைபாதையில் சொன்னால் வசதி போய்விட்டது. வருடக்கணக்காக நீடிக்கும் நிலைக்குழுவுக்கு இந்தச் சலுகை கிடையாது, அதுவும் நிரல் ஒட்டித்தான் கூட வேண்டும்.

பொங்கல் விழாவிலோ யாராவது வீட்டுக் கல்யாண வரவேற்பிலோ மூன்று உறுப்பினர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடலாம். சட்டம் அதைத் தடுக்கவில்லை. ஆணைய விஷயத்தை மட்டும் தங்களுக்குள் பேசக்கூடாது.

சமூக ஊடகத்தில் விதி இன்னும் இறுக்கம். 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, ஆணைய விஷயம் பற்றி இன்னொரு உறுப்பினர் இட்ட பதிவுக்கு நீங்கள் நேரடியாகப் பதில் போடவே கூடாது. இங்கே மூவர் கணக்கு இல்லை, இருவர் போதும். ஒரு லைக், ஒரு கைதட்டும் எமோஜிகூடப் பதில்தான். பொதுமக்களுக்குத் தகவல் சொல்லலாம், அவர்கள் கேள்விக்குப் பதில் தரலாம்.

சொந்தக் கைபேசியில் அனுப்பினால் யாருக்கும் தெரியாது என்று எண்ணுவது பழைய காலம். 2017-இல் சான் ஹோசே நகரம் தொடர்பான வழக்கில் கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம், நகரப் பணி குறித்த செய்தி தனிப்பட்ட கணக்கில் இருந்தாலும் அது பொது ஆவணம்தான் என்று தீர்ப்பளித்தது. ஆகவே ஆணைய வேலைக்கு நகரம் தரும் மின்னஞ்சலை மட்டும் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் யாரோ ஒருவர் ஆவணம் கோரும் நாளில் உங்கள் குடும்ப வாட்ஸாப்புக்கு நடுவே நீங்களே உட்கார்ந்து தேட வேண்டியிருக்கும்.

வெளியாட்கள் பேச வரும்போது

புகாரை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் வேலையில் ஆணையம் நீதிமன்றத்துக்குச் சமம். அப்போது புகார் தந்தவரோ குற்றம் சாட்டப்பட்டவரோ அவர்கள் சார்பில் யாருமோ உங்களிடம் தனியாகப் பேசக்கூடாது. எல்லாம் ஊழியர்கள் வழியாக, எல்லோர் முன்னிலையிலும் வர வேண்டும். சொல்வது எளிது. நம்மவர்களுக்கு இதுதான் மிகக் கஷ்டம், ஏனென்றால் நம்மிடம் பேச வருகிறவர் மன்ற உறுப்பினராக வருவதில்லை, மாமாவாக வருகிறார்.

ஒரு சனிக்கிழமை இந்தியக் கடையில் கறிவேப்பிலை எடுத்துக்கொண்டிருந்தேன். ஊர்க்காரப் பெரியவர் ஒருவர் தள்ளுவண்டியோடு வந்து நின்றார். என் பிள்ளைகளின் பெயர் சொல்லி நலம் விசாரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தம்பி, நீங்க அந்தப் போர்டுல இருக்கீங்களாமே. நம்ம பையன் ஒருத்தன் மேல ஏதோ நன்கொடைக் கணக்கு விஷயமா…" என்று தொடங்கினார்.

"மாமா, மன்னிக்கணும். அதைப் பத்தி நீங்க எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாக்கூட நான் அதைக் கூட்டத்துல எல்லாருக்கும் சொல்லியாகணும். அது அவருக்கே கெடுதல். ஆபீஸ்ல ஒரு விசாரணையாளர் இருக்கார், அவருக்கு எழுதித் தரச் சொல்லுங்க, கட்டாயம் படிப்பாங்க."

அவர் முகம் சுருங்கியது. "நான் என்ன தப்பாவா கேட்டேன்?" என்றார். "இல்ல மாமா, நீங்க தப்பே செய்யல. இது என் கையைக் கட்டிப்போட்டிருக்கிற விதி" என்றேன். வீட்டுக்கு வந்ததும் தேதி, இடம், அவர் சொன்ன அரை வாக்கியம், நான் சொன்ன பதில் எல்லாவற்றையும் எழுதி நிர்வாக இயக்குநருக்கு மட்டும் அனுப்பினேன். அந்தப் பொருள் கூட்டத்துக்கு வந்தபோது, பேசத் தொடங்கும் முன் அதை வாசித்துப் பதிவு செய்தேன். பெரியவர் சில மாதம் என்னோடு சரியாகப் பேசவில்லை. அது இந்த வேலையோடு வருகிற வலி, அதற்குத் தயாராகவே பதவியை ஏற்க வேண்டும். விதியைக் காரணம் காட்டுவதில் உங்களுக்குச் சங்கடம் வேண்டாம். ஆளை மறுப்பதைவிடப் பேச்சை மறுப்பது எதிரில் இருப்பவருக்கும் மரியாதை.

பத்திரிகையாளர் கூப்பிட்டால், ஆணையத்தின் சார்பில் தலைவரோ இயக்குநரோ பேசுவார். உங்கள் கருத்தை உங்கள் பெயரில் சொல்ல உரிமை உண்டு, நிலுவையில் உள்ள புகாரைத் தவிர. மூடிய அமர்வில் கேட்டதை வெளியே சொல்வது சட்ட மீறல், அங்கே சொந்தக் கருத்து என்ற சாக்கு செல்லாது.

தவறிவிட்டால்

தவறு நடக்கும். என்னாலும் நடந்தது. ஊழியர் ஒருவர் ஐந்து உறுப்பினர்களுக்கும் ஒரு வரைவு விதியை அனுப்பி, கூட்டத்துக்கு முன் படித்து வைக்கச் சொல்லியிருந்தார். அலுவலக வேலைக்கு நடுவே, மதியச் சாப்பாட்டு நேரத்தில், இரண்டாம் பிரிவு பலவீனமாக இருக்கிறது, விசாரணைக்கான காலவரம்பைக் கூட்ட வேண்டும் என்று ஒரு பத்தி எழுதி ரிப்ளை ஆல் அழுத்திவிட்டேன். பதினைந்து நிமிடத்தில் ஒருவர் "நானும் அப்படித்தான் நினைக்கிறேன்" என்று எல்லோருக்கும் பதில் போட்டார். இன்னொருவர் மாற்றுச் சொற்களையே எழுதி அனுப்பினார். மூவர் பேசியாயிற்று. செயலர் என்னைத் தொலைபேசியில் அழைத்தபோதுதான் எனக்கு உறைத்தது.

அப்போது அழிக்கக் கூடாது, மறைக்கக் கூடாது. அந்தச் சங்கிலியில் யாரும் இன்னொரு வரி சேர்க்கக் கூடாது, "மன்னிக்கவும்" என்றுகூட. செயலரும் வழக்கறிஞரும் பார்த்துக்கொள்ளட்டும். யாராவது எழுத்தில் ஆட்சேபித்தால், அதைச் சரிசெய்ய ஆணையத்துக்கு 30 நாள் அவகாசம் உண்டு. சரிசெய்யாவிட்டால் அவர் நீதிமன்றம் போய் முடிவையே செல்லாததாக்கலாம், அவருடைய வழக்கறிஞர் செலவையும் நகரம் ஏற்க வேண்டிவரலாம். மக்களுக்குத் தெரியக்கூடாது என்ற எண்ணத்தோடே செய்திருந்தால் உறுப்பினர் மீது குற்றவியல் வழக்கும் வரலாம். ஆட்சேபம் வரும் வரை காத்திருக்காதீர்கள், நாங்கள் காத்திருக்கவில்லை.

மின்னஞ்சல் சங்கிலி முழுவதையும் அச்சிட்டு அடுத்த நிரலின் இணைப்பாக வைத்தார்கள். நான்கு பக்கம் வந்தது. வரைவு விதியைத் தள்ளிவைக்காமல் அதே பொருளாக, ஆனால் முதலிலிருந்து, ஒன்றும் பேசாதது போல எடுத்தார்கள். நடந்ததை நான் ஒலிவாங்கியில் சொன்னேன். பொதுமக்கள் நேரத்தில் ஓர் அம்மா எழுந்து வந்தார், அந்த நான்கு பக்கத்தையும் மஞ்சள் பேனாவால் கோடிட்டு வைத்திருந்தார். மூன்றாம் பக்கத்தில் என் பத்தியைக் காட்டி, காலவரம்பைக் கூட்டினால் சிறு தொகையோடு தேர்தலில் நிற்கிறவர்கள் வருடக்கணக்கில் விசாரணையில் தொங்குவார்களே, அதை யோசித்தீர்களா என்று கேட்டார். யோசிக்கவில்லை. அப்படியே சொன்னேன். விவாதம் ஒரு மணி நேரம் போயிற்று, இரண்டாம் பிரிவு நான் எழுதியதைப் போல் இல்லாமல் வேறு விதமாக நிறைவேறியது. ஒவ்வொருவர் வாக்கையும் பெயர் சொல்லிச் செயலர் பதிவு செய்துகொண்டார்.